போனில் அலுவலக மெயில் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

அலுவலக மெயில் போனில் வராவிட்டால் பெரும்பாலோர் முதலில் செய்வது, கணக்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பது. சில நேரம் அதுவே வேலை செய்துவிடுவதால் பழக்கமாகவும் ஆகிவிட்டது. ஆனால் நீக்கியவுடன் மூன்று விஷயங்கள் போய்விடும்: அவுட்பாக்ஸில் அனுப்பப்படாமல் நிற்கும் மெயில், சர்வருக்கு ஏறாத வரைவுகள், தடை எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்த பிழைச் செய்தி. பிழைச் செய்தியை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை நீக்குவது கடைசி வழியாக இருக்கட்டும். அதுவே முதல் வழியாக வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு, அதைக் கீழே பார்ப்போம்.

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். அதே போனின் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பாஸ்வேர்டும் கணக்கும் சரி; கோளாறு ஆப்பில் இருக்கிறது, அல்லது போனைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் விதியில் இருக்கிறது. அடுத்து வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயலுங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் கோளாறு நெட்வொர்க்கில். கடைசியாக, அதே கணக்கை வேறொரு போனில் பாருங்கள். இந்த மூன்றும் சேர்ந்தே பாதி வேலையை முடித்துவிடும்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது

வெப்மெயில் திறக்கிறது, போனின் மெயில் ஆப் மட்டும் பாஸ்வேர்டு தவறு என்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்நுழையும் முறையை. பழைய முறையில் ஆப் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டையே சர்வருக்கு அனுப்பும். மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து தன் அலுவலக மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், ஆப் சர்வரோடு பேசும் வழிகளான ஐமேப், பாப், ஆக்டிவ்சிங்க் ஆகியவற்றுக்கு இந்த முறையை நிறுத்தத் தொடங்கியது. இப்போது ஆப் மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து, அங்கே நீங்கள் நுழைந்த பின் கிடைக்கும் டோக்கனை, அதாவது மின்னணு அனுமதிச் சீட்டைத்தான் காட்ட வேண்டும். பழைய முறையில் அமைத்த கணக்குக்கு இது தெரியாது. சர்வர் மறுத்தால், பாஸ்வேர்டு தவறு என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

அடையாளம் எளிது. பாஸ்வேர்டு கேட்கும்போது நிறுவனத்தின் பெயரோ லோகோவோ உள்ள முழுப் பக்கம் வராமல், போனின் சொந்தச் சிறு பெட்டி ஒன்று எழுந்தால் அது பழைய முறை. கணக்கை நீக்கிச் சேர்ப்பதே சரியான தீர்வாகும் சந்தர்ப்பம் இதுதான். ஐபோனில் எக்ஸ்சேஞ்ச் வகையைத் தேர்ந்து முகவரியைத் தட்டியதும் 'சைன் இன்', 'கான்ஃபிகர் மேனுவலி' என இரண்டு வழிகள் காட்டும். 'சைன் இன்' என்பதையே தொடுங்கள். கையால் அமைக்கப் போனால் பழைய முறைக்கே திரும்பிவிடும், சுற்றிச் சுற்றி அதே பிழைதான். ஐஓஎஸ் 11-க்கு முந்தைய போன்களின் மெயில் ஆப்புக்குப் புதிய முறை தெரியவே தெரியாது. ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப் வழியாகச் சேர்ப்பவர்கள் 'எக்ஸ்சேஞ்ச் அண்ட் ஆபீஸ் 365' வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'அதர்' என்றால் வெறும் பாஸ்வேர்டோடு ஐமேப்புக்குப் போய்விடும்.

நிறுவனங்களுக்கான ஜிமெயில் சேவையான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கும் 2025 முதல் இதே நிலைதான். கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் கொண்டு வெளி ஆப்கள் நுழைய முடியாது. வேறு வழியே இல்லாத பழைய ஆப்புக்கு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு உருவாக்கலாம். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இயங்கினால்தான் அது கிடைக்கும். ஆனால் அந்த 16 எழுத்து இரண்டாம் கட்டச் சோதனை எதுவுமின்றி மெயிலைத் திறந்துவிடும். கூடுமானவரை தவிர்ப்பதே நல்லது. உருவாக்கினால், எந்தப் போனுக்கென்று பெயரிட்டு வையுங்கள். போன் தொலைந்தால் எதை ரத்து செய்வது என்று அப்போதுதான் தெரியும்.

கணக்கு அடிக்கடி தானாகப் பூட்டிக்கொள்கிறதா? பாஸ்வேர்டு மாற்றிய மறுநாளே இது தொடங்கினால் பழைய சாதனம் ஒன்றைத் தேடுங்கள். மேசை டிராயரில் கிடக்கும் டேப்லெட், வீட்டில் குழந்தை கையில் இருக்கும் பழைய போன் என ஏதோ ஒன்று பழைய பாஸ்வேர்டை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பயனரின் மொபைல் சாதனப் பட்டியலைத் திறந்து, கடைசியாகச் சிங்க் ஆன தேதியைப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அங்கே இல்லையென்றால் அலுவலக வைஃபையைப் பாருங்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் வைஃபை என்றால் போனில் சேமித்த பழைய பாஸ்வேர்டே கணக்கைப் பூட்டும்.

சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருக்கும் இடங்களில் வேறொரு வகை உண்டு: எல்லோர் போனும் வேலை செய்யும், நிர்வாகியின் போன் மட்டும் சேராது. நிர்வாகக் குழுக்களில் உள்ள கணக்குகளைக் காக்க, பயனர் கணக்குகளைச் சேமிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, மேலிருந்து தானாக வரும் அனுமதிகளை (அனுமதி வாரிசுரிமை) அவற்றுக்கு அணைத்து வைக்கும். அதனால் அந்தக் கணக்கின் கீழ் புதுச் சாதனத்தைப் பதிய எக்ஸ்சேஞ்சுக்கு உரிமை இருக்காது. டிக் போட்டுச் சரிசெய்தாலும் சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிர்வாக வேலைக்கு ஒரு கணக்கு, மெயிலுக்குச் சாதாரணக் கணக்கு என்று பிரித்துவிடுங்கள். முழு அதிகாரமுள்ள கணக்கைப் போனில் வைத்துச் சுற்றுவதே ஆபத்து.

'சான்றிதழை நம்ப முடியவில்லை' என்கிறது

சான்றிதழ் என்பது சர்வரின் அடையாள அட்டை. இந்த எச்சரிக்கையில் 'தொடர்க' என்ற பொத்தானும் இருக்கும். அதை மட்டும் அழுத்தாதீர்கள். எதிரே இருப்பது உங்கள் சர்வர்தானா என்று உறுதியாகாத நிலையில் அழுத்தினால், அங்கே இருப்பவர் யாராயினும் பாஸ்வேர்டு அவர் கைக்குப் போகும்.

தேதியும் நேரமும் சரியா என்று முதலில் பாருங்கள். பேட்டரி முழுதாகத் தீர்ந்து எழுந்த போனில் நேரம் பின்தங்கினால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தானியங்கி நேரத்தை இயக்கிவிடுங்கள்.

விடுதி, விமான நிலைய வைஃபையில் மட்டும் வந்தால், அந்த வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் உங்கள் இணைப்பை இடைமறிக்கிறது. பிரவுசரைத் திறந்து அந்தப் பக்கத்தை முடித்த பிறகு மெயிலைத் திறங்கள். அப்போதும் எச்சரிக்கை நின்றால் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுங்கள்.

கணினியில் சரியாக இருந்து ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் பிழை வந்தால், சர்வரின் சான்றிதழைப் போன் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைச் சான்றிதழைச் சர்வர் அனுப்பவில்லை என்று பொருள். கணினி பிரவுசர்கள் இடைச் சான்றிதழைத் தாமே தேடி எடுத்தோ, முன்பு சேமித்ததைக் கொண்டோ குறையை மூடிவிடும். ஆண்ட்ராய்டு மெயில் ஆப்கள் அதைச் செய்வதில்லை. போனில் எதையும் நிறுவ வேண்டாம். சர்வரில் முழுச் சங்கிலி உள்ள கோப்பை வைத்துச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பழைய ஆண்ட்ராய்டில் மட்டும் வந்தால் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் இப்போது சார்ந்திருக்கும் மூலச் சான்றிதழ் 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் கிடையாது. பழைய போன்களைத் தாங்கிக்கொண்டிருந்த, வேறொரு பழைய மூலச் சான்றிதழ் தந்த குறுக்குக் கையொப்பமும் 2024 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது. அந்தப் போனுக்கு மூலச் சான்றிதழைக் கையால் ஏற்றிவிடலாம்தான். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் நின்று பல ஆண்டுகளான போனில் அலுவலக மெயில் இருக்கவே கூடாது. போனை மாற்றுவதுதான் உண்மையான தீர்வு.

ஐபோன்களில் மட்டும் வந்தால் சான்றிதழின் ஆயுளைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 1-க்குப் பின் பொதுச் சான்றளிப்பு நிறுவனங்கள் வழங்கிய சான்றிதழ் 398 நாளுக்கு மேல் செல்லுபடியாக இருந்தால் ஆப்பிள் ஏற்காது. இந்த வரம்பு எல்லோருக்கும் குறைந்துகொண்டே வருகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஆண்டுக்கு ஒருமுறை கையால் புதுப்பித்துப் பழகிய இடங்களில் இனி மெயில் நிற்பது அடிக்கடி நடக்கும். புதுப்பித்தலை இப்போதே தானியங்கி ஆக்கிவிடுங்கள்.

மெயில் வருகிறது, ஆனால் தாமதமாக

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். ஒரே சோதனையால் இதை இரண்டாகப் பிரிக்கலாம். போனின் திரையை அணைத்து, சார்ஜரில் செருகாமல், ஒரு மணி நேரம் அசையாமல் மேசையில் வையுங்கள். இடையில் வேறு கணக்கிலிருந்து இரண்டு மூன்று மெயில்களை அனுப்புங்கள். போனைக் கையிலெடுத்துத் திரையை இயக்கியதும் எல்லாம் ஒன்றாகக் கொட்டினால் காரணம் பேட்டரிச் சிக்கனம். திரை இயங்கும்போதும் வராமல், விரலால் கீழே இழுத்தால்தான் வருகிறது என்றால் புது மெயில் வந்ததும் சர்வரே போனுக்குச் சொல்லும் புஷ் வழி அடைபட்டிருக்கிறது.

முதல் வகைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களை உறங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. முறையாக எழுதிய மெயில் ஆப்பைக் கூகுளின் புஷ் சேவை எழுப்பிவிடும். சிக்கல், போன் தயாரிப்பாளர்கள் தம் பங்குக்குச் சேர்க்கும் கூடுதல் கட்டுப்பாடுகளில் இருக்கிறது. மெயில் ஆப்பின் தகவல் பக்கத்தில் பேட்டரிப் பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். சாம்சங்கில் அதோடு, உறங்கும் ஆப்கள் பட்டியலில் மெயில் ஆப் இருந்தால் நீக்கி, ஒருபோதும் உறங்கக் கூடாதவை பட்டியலில் சேர்க்க வேண்டும். ஷாவ்மியில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி தனியாக உண்டு. அதை விட்டுவிட்டால் போனை மறுதொடக்கம் செய்த பின் ஆப்பைத் திறக்கும்வரை மெயில் வராது. ஆப் புதுப்பித்த பின்னும் இவை நிலைத்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐபோனில் 'லோ பவர் மோட்' இயங்கினால் பின்னணியில் மெயில் எடுப்பது நின்றுவிடும். பேட்டரிக் குறி மஞ்சளாக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. அது இல்லையென்றால் கணக்கின் வகையைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்குக்குப் புஷ் உண்டு. ஐபோனின் சொந்த மெயில் ஆப்பில் சேர்த்த ஜிமெயில் கணக்குக்கும் சாதாரண ஐமேப் கணக்குக்கும் கிடையாது. அவை 'ஃபெட்ச்' முறையில் 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி நேரம் எனக் குறித்த இடைவெளியில்தான் எடுக்கும். 'ஆட்டோமேட்டிக்கலி' என்று விட்டிருந்தால், சார்ஜரில் செருகி வைஃபையில் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் எடுக்கும். ஒர்க்ஸ்பேஸ் பயன்படுத்துவோர் ஜிமெயில் ஆப்பையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இராது.

இரண்டாம் வகை பெரும்பாலும் அலுவலக வைஃபையில் மட்டும் தெரியும். கூகுளின் புஷ் சேவைக்கு டிசிபி 5228, 5229, 5230 போர்ட்டுகளும் (நெட்வொர்க்கின் எண்ணிட்ட வாசல்கள்), ஆப்பிளுடையதற்கு 5223-உம் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும். பிரவுசருக்கான போர்ட்டுகளை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடைத்த ஃபயர்வாலில் இணையமெல்லாம் ஓடும், அறிவிப்பு மட்டும் வராது. ஆப்பிளின் சேவை 5223 கிடைக்காதபோது 443 வழியே முயலும். அதையும் இடையில் பிரித்துப் படிக்கும் புராக்ஸி இருந்தால் இணைப்பு முறியும். புஷ் முகவரிகளுக்கு அந்தப் பிரிப்பிலிருந்து விலக்கு கொடுங்கள்.

சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வர் என்றால் இன்னொரு காரணம் உண்டு. ஆக்டிவ்சிங்க்கில் போன் ஓர் இணைப்பைத் திறந்து, புது மெயில் வரும்வரை பல நிமிடம் பேசாமல் காத்திருக்கும். இடையிலுள்ள ஃபயர்வாலோ, சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துத் தரும் லோட் பேலன்சரோ சும்மா இருக்கும் இணைப்பை 2 நிமிடத்தில் வெட்டினால், போன் மறுபடி மறுபடி இணைக்கும். மெயிலும் தாமதமாகும், பேட்டரியும் கரையும். அந்த நேர வரம்பை 30 நிமிடமாக உயர்த்துங்கள். ஐமேப்பிலும் இதே கதைதான்: காத்திருக்கும் இணைப்பை 29 நிமிடத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் வரையறை.

மெயில் உரிய நேரத்தில் வந்து, ஒலி மட்டும் வரவில்லையா? ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் முறை கேட்டபோது மறுத்திருப்பார்கள். அவுட்லுக்கில், அறிவிப்பு 'ஃபோகஸ்ட்' பிரிவுக்கு மட்டும் என்று அமைந்திருந்தால் 'அதர்' பிரிவில் விழுந்தவை சத்தமின்றிக் கிடக்கும். அலுவலக ஆப்களைத் தனியே வைக்கும் ஒர்க் புரொஃபைல் உள்ள போனில், மாலையில் அலுவலக ஆப்களை நிறுத்தி வைத்தவர் காலையில் மறந்துவிடுவதும் நடக்கும். பெட்டி சின்னம் உள்ள ஆப்கள் மங்கித் தெரிந்தால் அதுதான்.

வருகிறது, போகவில்லை

அனுப்பும் சர்வரின் போர்ட்டும் பாதுகாப்பு வகையும் பொருந்த வேண்டும்: 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைந்த பின் மறையாக்கம்), 465 என்றால் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் மறையாக்கம். மாற்றிப் போட்டால் பிழைகூட வராமல் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருந்து நேரம் முடிந்துவிடும். பல இணைய நிறுவனங்கள் 25-ஐ அடைத்து வைத்திருப்பதால் அதைப் போனில் பயன்படுத்தவே வேண்டாம். ஐமேப் கணக்குகளில் அனுப்பும் சர்வருக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தனிப் பெட்டிகளில் இருக்கும். சில போன்கள் அதை 'விருப்பம்' என்று காட்டும். காலியாக விட்டால் உள் முகவரிகளுக்குப் போகும், வெளி முகவரிகளுக்கு 'ரிலே மறுக்கப்பட்டது' என்று திரும்பும்.

மெயிலோடு இணைக்கும் கோப்பின் அளவும் கவனிக்க வேண்டியது. மெயிலில் போகும் கோப்பு எழுத்து வடிவுக்கு மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும். 25 எம்பி வரம்புள்ள சர்வரில் உண்மையில் சுமார் 18 எம்பி கோப்புதான் போகும். ஒரு பெரிய மெயில் அவுட்பாக்ஸில் சிக்கிப் பின்னால் நிற்பவற்றையும் தடுத்தால், ஏர்பிளேன் மோடுக்குப் போய் அதை நீக்கிவிட்டுத் திரும்பி வாருங்கள். இணையம் இருக்கும்போது ஆப் அதை விடாது.

'இந்தச் சாதனத்துக்கு அனுமதி இல்லை'

இது பழுதல்ல, நிறுவனத்தின் விதி. எந்த விதி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. 'தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது' என்று ஒரே ஒரு மெயில் மட்டும் போனில் வந்து நின்றால் எக்ஸ்சேஞ்ச் அதைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறது. நிர்வாகி அனுமதித்தால் போதும். பல ஆண்டுகளாகப் போன் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பழைய பதிவுகள் சேர்ந்து 100 சாதன வரம்பைத் தொட்டுப் புதியது சேராமல் போவதும் உண்டு; பழையவற்றை நீக்கிவிடுங்கள்.

போன்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் உள்ள இடங்களில் 'இணக்கமற்றது' என்று வந்தால் கம்பெனி போர்ட்டல் ஆப்பைத் திறந்து நிலையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். குறை எது என்று அங்கேயே எழுதியிருக்கும். திரைப்பூட்டு இல்லாமை, பழைய இயங்குதளம், ரூட் செய்யப்பட்டது (போனின் உள் பூட்டுகள் உடைக்கப்பட்டது) ஆகியவை வழக்கமான காரணங்கள். எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட விடுப்பிலிருந்து வந்தவரின் போன் தடைபட்டால், அது அத்தனை நாளும் சர்வரைத் தொடர்பு கொள்ளவில்லை. இயல்பான வரம்பு 30 நாள். போர்ட்டலில் சரிபார்த்த பின் சில நிமிடம் பொறுத்திருங்கள். நிலை மாறியது உடனே எல்லாச் சேவைக்கும் எட்டாது.

போனை நிறுவன நிர்வாகத்தில் சேர்க்காமல் அவுட்லுக்கை மட்டும் பாதுகாக்கும் முறையிலும் ஒரு துணை ஆப் தேவை: ஆண்ட்ராய்டில் கம்பெனி போர்ட்டல், ஐபோனில் மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சரிபார்ப்பு ஆப்பான ஆத்தென்டிகேட்டர். தேவையில்லை என்று பயனர் அதை நீக்கினால் அவுட்லுக் உள்நுழைய மறுக்கும்.

மெயிலிலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியவில்லை, இணைத்த கோப்பைத் தனிப்பட்ட ஆப்பில் திறக்க முடியவில்லை என்ற புகார்களும் இங்கேதான் வரும். அது விதி சரியாக வேலை செய்வதன் அடையாளம். அதைத் தளர்த்தும் முன், கோப்பைத் திறக்க நிறுவனம் அனுமதித்த ஆப் அந்தப் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது நிறுவப்படாததுதான் குறையாக இருக்கும்.

மெயில்கள் காணாமல் போகின்றன, அல்லது எழுதாத மெயிலுக்குப் பதில் வருகிறது

முதலில் சாதாரணக் காரணம். யாரோ ஒரு கணினியில் பாப் முறையில் கணக்கை அமைத்து, சர்வரில் நகல் வைக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால், அது எடுத்த மெயில் போனில் மறையும். பாப்பை ஐமேப்பாக மாற்றுங்கள். பழைய மெயில் மட்டும் தெரியாவிட்டால் ஐபோனின் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் 'மெயில் டேஸ் டு சிங்க்' என்பதை 'நோ லிமிட்' ஆக்குங்கள்.

இவை இல்லையென்றால் கணக்குக்குள் வேறொருவர் இருப்பதாகவே கொண்டு நடங்கள். வெப்மெயிலில், வரும் மெயிலைத் தானாகக் கையாளும் விதிகளை (ரூல்ஸ்) திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்தவர்கள் முதலில் செய்வது, குறிப்பிட்ட சொல் உள்ள மெயிலை யாரும் பார்க்காத கோப்புறைக்குத் தள்ளும் விதியை எழுதுவது. 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' கோப்புறை அவர்களுக்குப் பிடித்த இடம். விதியின் பெயர் ஒற்றைப் புள்ளியாகக்கூட இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். வெளி முகவரிக்கு ஃபார்வர்டு செய்யும் அமைப்பையும் பாருங்கள்.

பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தினால் போதாது. எல்லா அமர்வுகளையும், அதாவது எந்தச் சாதனத்திலும் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதை, ரத்து செய்யுங்கள். சரிபார்ப்பு முறைகளின் பட்டியலில் தெரியாத போன் எண்ணோ ஆத்தென்டிகேட்டரோ சேர்ந்திருந்தால் நீக்குங்கள். அதை விட்டால் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு திரும்ப வருவார்கள். கணக்குக்கு அனுமதி பெற்ற வெளி ஆப்களையும் பார்த்து, தெரியாததை நீக்குங்கள். ஏற்கெனவே வழங்கிய அணுகல் டோக்கன் சுமார் ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்பதால், மாலையில் விதிகளை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

நீங்கள் உள்நுழையாத நேரத்தில் போனில் 'அனுமதிக்கவா' என்று கேட்டால், பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று பொருள். மறுத்துவிட்டுச் சும்மா இருக்காமல் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள்.

ஆத்தென்டிகேட்டரின் எண் ஏற்கப்படவில்லை

அந்த 6 இலக்கம் 30 நொடிக்கு ஒருமுறை நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போனின் கடிகாரம் ஒன்றிரண்டு நிமிடம் விலகினாலே தவறாகும். தானியங்கி நேரத்தை இயக்கினால் தீரும். புதுப் போனுக்கு மாறியவரின் சிக்கல் வேறு: ஆப் வந்திருக்கும், அலுவலகக் கணக்குக்கு மறுபடி பதிய வேண்டியிருக்கும். பழைய போனை அழிக்கும் முன் புதியதில் பதிந்து, ஒருமுறை வெளியேறி நுழைந்து பாருங்கள்.

போன் தொலைந்துவிட்டது

பதற்றத்தில் எல்லோரும் முதலில் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். போனின் சொந்த மெயில் ஆப்பில் ஆக்டிவ்சிங்க் வழியே மட்டும் இணைத்திருந்தால் அது தவறான வரிசை. அழிக்கும் கட்டளை அடுத்த சிங்க்கின்போதுதான் போனைச் சேரும். பாஸ்வேர்டு மாறிவிட்டால் போன் உள்நுழையவே முடியாது, கட்டளையும் போகாது. ஏற்கெனவே இறங்கிய மெயில் அதிலேயே இருக்கும். எனவே முதலில் அழிக்கும் கட்டளை, அது நிறைவேறியதை உறுதி செய்த பின் பாஸ்வேர்டு. எம்டிஎம் (நிறுவனம் போன்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியே நிர்வகிக்கும் போனில் கட்டளை தனி வழியில் போவதால் இந்தக் கவலை இல்லை; இரண்டையும் உடனே செய்யலாம்.

எதை அழிக்கிறீர்கள் என்பதையும் பார்த்து அழுத்துங்கள். போனின் சொந்த மெயில் ஆப்புக்கு முழு அழிப்பு அனுப்பினால் குடும்பப் படங்கள் உட்பட எல்லாம் போய்விடும். ஊழியரின் சொந்தப் போன் என்றால் கணக்கை மட்டும் அழிக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். அவுட்லுக் ஆப் என்றால் அந்த ஆப்பின் தரவு மட்டுமே அழியும்.

சிம்மை எப்போது முடக்குவது? அழிக்கும் கட்டளை போனைச் சேர இணையம் வேண்டும். சிம்மை முடக்கினால் அந்த வழி அடைபடும். ஆனால் ஓடிபி அந்த எண்ணுக்கு வருகிறது என்றால், வேறொரு போனில் சிம்மைப் போட்டு யாரும் ஓடிபியைப் பெறலாம். நல்ல திரைப்பூட்டு இருந்த போன் என்றால் சிம்மை உடனே முடக்குவதையே பரிந்துரைப்போம். பூட்டிய போனுக்குள் இருக்கும் மெயிலைவிட வெளியே வரும் ஓடிபி ஆபத்தானது. இந்தத் தேர்வே வராமலிருக்க, ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆத்தென்டிகேட்டருக்கு மாற்றுங்கள், சிம்முக்குப் பின் எண் (PIN) வையுங்கள். பின்னை மூன்று முறை தவறாகப் போட்டால் சிம்மின் பூட்டைத் திறக்கும் எண்ணான பியுகே கேட்கும், அதை 10 முறை தவறாகப் போட்டால் சிம் பயனற்றுப் போகும். ஆகவே பியுகே எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முக அடையாளம் போனைத் திறக்கிறது, அலுவலக ஆப்பைத் திறக்கவில்லை

இது வாங்கும்போதே தீர்மானமாகிவிட்ட கோளாறு. ஆண்ட்ராய்டு உடலடையாளச் சோதனைகளைத் தர வாரியாகப் பிரிக்கிறது. சாதாரண முன்பக்கக் கேமராவை மட்டும் நம்பும் முக அடையாளம் பெரும்பாலும் உயர் தரமான மூன்றாம் வகுப்பைத் தொடாது. அலுவலக ஆப்கள் அதை ஏற்காமல் கைரேகையோ பின்னோ கேட்கும். அதனால் வாங்கும்போதே நல்ல கைரேகை உணரி உள்ளதா என்று பாருங்கள்.

வாங்கும்போது அதைவிட முக்கியம், பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டுவரை என்பது. பிக்சல் 8 முதலான பிக்சல் போன்களுக்கும் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் 7 ஆண்டு என்று தயாரிப்பாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 4 ஆண்டு உறுதியுள்ள மாடலை, வெளியாகி 2 ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் 2 ஆண்டுதான். கையிலிருக்கும் போனில், ஆண்ட்ராய்டு பதிப்புப் பக்கத்தில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். அது பல மாதம் பின்தங்கி, புதுப்பிப்பு எதுவும் காத்திருக்கவும் இல்லையென்றால் அந்தப் போனை அலுவலக மெயிலிலிருந்து விலக்கும் காலம் வந்துவிட்டது.

வேலையை விட்டவர் திருப்பித் தந்த போன் திறக்கவில்லை

போனை அழித்த பின்னும் பழைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கைக் கேட்கிறது என்றால் அது திருட்டுத் தடுப்புப் பூட்டு. ரீசெட் செய்தால் போகாது, ரீசெட் செய்வதால்தான் தோன்றுகிறது. அவர் தொடர்பில் இருந்தால், ஐபோனைத் தம் ஐகிளவுட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கச் சொல்லலாம். நிறுவனமே ஆப்பிளின் நிறுவனச் சாதனப் பதிவுத் தளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் வழியே சேர்த்த போன் என்றால் எம்டிஎம்மில் பூட்டை நீக்கும் குறியீடு கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் வாங்கிய ரசீதோடு ஆப்பிளிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டில், போனைத் திரும்ப வாங்கும்போது அவர் முன்னிலையிலேயே கணக்குகளை நீக்கி, பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்யுங்கள். கணக்குகளை நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாகச் செய்தால் பூட்டு விழும்.